கந்தையின் அழகும் கைகளின் கூலியும்

கலை ரசிகர் உலகில் அண்மைக் காலமாக ஒரு புதிய பக்தி பரவி வருகின்றது. பட்டுக்கும் சரிகைக்கும் வணக்கம் செலுத்திய கண்கள் இப்போது கந்தையின் முன்னே நின்று கசிகின்றன. யப்பான் நாட்டின் வடபுலத்திலே ஏழைக் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாக ஒட்டுப்போட்டுத் தைத்த நீலத் துணிகள் இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கொளியில் வைக்கப்படுகின்றன. செல்வந்த நாடுகளின் பழம்பொருட் சந்தைகளில் அவற்றுக்குப் பெருவிலை கூறப்படுகின்றது. அந்த நீலத்தையும் அந்தத் தையலையும் காட்டி, "வறுமையிலும் அழகு கண்ட மனம் இது, எமது பெண்களும் இதனைக் கற்றுக்கொண்டால் பிழைத்துக்கொள்ளலாமே!" என்று உபதேசிக்கும் குரல்கள் எமது நாட்டிலும் கேட்கத் தொடங்கிவிட்டன.

இந்த உபதேசத்துக்குத் திருகோணமலைத் துறைமுகக் கரையிலிருந்து ஒரு மறுமொழி கூற விரும்புகிறோம். அழகின்மீது எமக்கு எவ்விதப் பகையும் இல்லை. அழகைத் திரையாக்கி அதன் பின்னே உழைத்தவளின் கூலியை மறைக்கும் கபடத்தையே நாம் எதிர்க்கிறோம்.

முதலில் அந்தக் கந்தையின் வரலாற்றைக் கேட்போம். யப்பானியர் அதனைப் 'பொரோ' என்பர். கந்தல், கிழிசல் என்பதே அச்சொல்லின் பொருள். தம் நாட்டுச் செடியொன்றின் இலைகளைப் புளிக்க வைத்து எடுத்த நீலச் சாயத்தில் நூலைத் தோய்த்து நெய்த துணி, உடுத்து உடுத்து நைந்துபோன பின்னர், அதன் நல்ல துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஊசி மேலும் கீழுமாக ஓடும் நெருக்கமான தையலால் பிணைப்பார்கள். அத்தையலின் பெயர் 'சாஷிகோ'. அவ்வாறு பிணைத்த துணி சட்டையாகும், போர்வையாகும், படுக்கையாகும். பெண்ணொருத்தி பிள்ளை பெறும்போது அவளுக்குக் கீழே விரிக்கப்பட்டதும் பாட்டன் பாட்டியர் உடுத்திக் கழித்த துண்டுகளை இணைத்த அத்தகைய விரிப்பே.

ஏன் இப்படித் தைத்தார்கள்? "எளிமையின் தத்துவம்" என்று எமது ரசிகர்கள் பதிலளிப்பார்கள். வரலாறு வேறு பதில் சொல்கின்றது. அவோமோரிப் பகுதியின் கடுங்குளிரில் பருத்தி விளையாது. ஆகவே நார்ச்செடியிலிருந்து எடுத்த முரட்டு நூலே குடியானவருக்கு விதிக்கப்பட்ட ஆடை. அதன் இழைகளுக்கிடையே பனிக்காற்று புகும். பருத்தித் துணியோ தெற்கிலிருந்து வரவேண்டும். அதை வாங்க அவர்களிடம் பொருள் இல்லை. பொருள் இல்லாமை மட்டுமா? பட்டு குடியானவருக்கு விலக்கப்பட்டிருந்தது. சுகரு நாட்டிலே 18ஆம் நூற்றாண்டில் பருத்தி உடுப்பதையும் நிலப்பிரபுவின் சிக்கன விதி தடுத்தது. நகரத்தார் கழித்த பழந்துணிகளைக் கப்பல்கள் பொதி பொதியாக வடக்கே கொண்டுவந்தன. அந்தக் கழிவுத் துண்டுகளையே அவர்கள் பொன்போல் வாங்கினார்கள். முரட்டு நார்த்துணியின் கண்களை வெள்ளைப் பருத்தி நூலால் அடைத்து அடைத்துத் தைத்தபோது பிறந்ததுதான், இன்று அறிஞர்கள் வியக்கும் 'கோகின்' என்னும் சித்திரத் தையல். குளிரும் விலையும் ஆளுவோன் சட்டமும் சேர்ந்து இட்ட கோலம் அது. அந்தக் கோலத்துக்குள்ளும் தமது கைவண்ணத்தை நிலைநாட்டிய பெண்களின் திறமைக்கு நாம் தலைவணங்குகிறோம். அவர்களை அந்நிலையில் வைத்த விதிக்கு ஒருபோதும் தலைவணங்க மாட்டோம்.

காலம் மாறிற்று. யந்திரத் துணி மலிந்தது. கந்தை வைத்திருந்தவர்கள் அதனை வெளியார் கண்ணில் காட்டக் கூசினார்கள்; பலர் எரித்தும் விட்டார்கள். 1920களில் யனாகி சோயெட்சு என்னும் அறிஞர், பெயரறியாக் கைவினைஞர் செய்த அன்றாடப் பொருள்களின் அழகைப் போற்றும் இயக்கம் ஒன்றைத் தொடங்கினார். 1936இல் தோக்கியோவில் நாட்டார் கைவினைக்கெனவே அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. பின்னர், அவோமோரியிற் பிறந்த தனாகா சூசாபுரோ (1933–2013) ஊர் ஊராகச் சென்று கந்தைகளைச் சேகரித்தார். அவரது சேகரிப்பு 2009 முதல் 2019 வரை தோக்கியோவின் அசாகுசாப் பகுதியிலே காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. இவ்விருவரின் பணியையும் நாம் குறைத்துப் பேசவில்லை. அவர்கள் இல்லையேல் அந்தக் கைகளின் சாட்சியம் சாம்பலாகியிருக்கும். ஆனால் அருங்காட்சியகத்தின் வாசல்வழி நுழைந்த கந்தை, அங்காடியின் வாசல்வழி வெளியே வந்தபோது வேறொன்றாகிவிட்டது. தைத்தவளின் பெயர் எங்கும் இல்லை. விற்றவனின் பெயர் எங்கும் உண்டு. தேவையின்றிக் கிழித்து, தேவையின்றி ஒட்டுப்போட்ட உடுப்புகளை உயர்ந்த விலைக்கு வாங்கி அணிவது நாகரிகமாயிற்று. ஏழை அணிந்தால் இழிவு, செல்வன் அணிந்தால் ரசனை! இதைவிடக் கொடிய நகைச்சுவை வேறு உண்டோ?

இந்தக் கதையில் எமக்கென்ன பங்கு என்று வாசகர் கேட்கலாம். பங்கு உண்டு, அதுவும் பழைய பங்கு. யப்பானிய மொழியிலே 'சாந்தோமே' என்பது ஒருவகைக் கோடிட்ட பருத்தித் துணியின் பெயர். மயிலாப்பூரை அடுத்த சாந்தோம் என்ற ஊர்ப்பெயரே அவ்வாறு துணியின் பெயராகியது. சோழமண்டலக் கரைத் தறிகளில் நெய்து நீலமும் சிவப்பும் ஊட்டிய துணிகளை ஒல்லாந்தக் கம்பனி நாகசாகித் துறைவரை கொண்டு சென்றது. யப்பானிய நகரத்தார் அவற்றின்மீது மோகங்கொண்டார்கள். அந்நாட்டு நெசவாளர் அவற்றைப் பார்த்து நெய்யக் கற்றார்கள். 18ஆம் நூற்றாண்டில் திருகோணமலைக் கோட்டையின்மீது கொடி பறக்கவிட்டிருந்ததும் அதே கம்பனிதான். அதே கம்பனியின் ஆட்சியில், யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் சிவப்புச் சாயம் தரும் சாயவேரைத் தோண்டி அளப்பது சில மக்கள்மீது சுமத்தப்பட்ட கடமையாக இருந்தது. துணியின் நிறத்தை உலகம் மெச்சியது. வேரைத் தோண்டிய கையின் நிறத்தை யார் கேட்டார்?

நீலத்தின் வரலாறும் அத்தகையதே. எமது அவுரிச் செடியின் நீலத்துக்காக வங்காளத்துக் குடியானவரை வெள்ளைத் தோட்டக்காரர் வாட்டிய வாட்டம் 1859இல் கிளர்ச்சியாக வெடித்தது. 1917இல் சம்பாரணில் காந்தியடிகள் நின்றதும் அவுரி விவசாயிகளின் பக்கமே. 1897இல் ஜெர்மானிய ரசாயனத் தொழிற்சாலையின் செயற்கை நீலம் சந்தைக்கு வந்ததும் அவுரிப் பயிர் சரிந்தது. பயிரிட்டபோது உதைபட்டவன், பயிர் அழிந்தபோது பட்டினி கிடந்தான். நீலம் அழகிய நிறந்தான். அதன் ஆழத்தில் யார் அமிழ்ந்தார் என்பதையும் அறிந்துகொண்டு ரசிப்பதே நேர்மை.

இனி எமது கரைக்கு வருவோம். 'கந்தை' என்பது எமக்கு அந்நியச் சொல்லன்று. வங்கத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்கும் 'காந்தா' என்ற பெயரும் எமது 'கந்தை'யும் ஒரே வேர்ச்சொல்லின் கிளைகள். துறைமுகத்தை அண்டி வாழும் குடும்பத்திலே ஒரு நூற்சேலையின் ஆயுளைப் பாருங்கள். முதலில் அது கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் போகும். பின்னர் வீட்டுச் சேலையாகும். நைந்தபின் குழந்தைக்கு ஏணையாகும். ஏணையும் கிழிந்தால் பாயின்மேல் விரிப்பாகும். அடுப்படியில் பானை இறக்கும் துணியாகும். எஞ்சிய கீற்று விளக்குத் திரியாகி எரிந்து முடியும். யப்பானியக் குடியானவளுக்குச் சற்றும் குறையாத சிக்கனம் இது. இதற்குக் கண்ணாடிப் பெட்டி கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்ற பழமொழிதான். கசக்கிக் கட்டச் சொன்ன சமுதாயம், அவள் கட்டியிருப்பது ஏன் கந்தையாயிற்று என்று கேட்க மறந்துவிட்டது.

நாம் கேட்போம். உலகின் தலைசிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றென்று புகழப்படும் இத்துறைமுகத்தின் கரையில் கந்தை எப்படி வந்தது? வல்லரசுகள் இதன் ஆழத்தை அளந்தன. கரையில் வாழ்ந்தவரின் வயிற்றை அளக்கவில்லை. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் வரிசையாக எழுந்தன. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் அந்தத் தாங்கிகளின்மீதும் துறைமுகத்தின்மீதும் குண்டு பொழிந்தன. 1957இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் கைமாறியபோது அதனை நம்பி வாழ்ந்த தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். கிழக்கின் கைத்தறிகள், இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் ஓரளவு மூச்சுவிட்டவை, 1977இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பின் வெளிநாட்டுத் துணியின் வெள்ளத்தில் தத்தளித்தன. அதன்மேல் யுத்தம். 2004இல் ஆழிப்பேரலை. 2006இல் சம்பூர் மக்கள் ஊரோடு பெயர்க்கப்பட்டு, ஏறத்தாழப் பத்தாண்டுகள் முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் காலந்தள்ளினார்கள். அந்த ஆண்டுகளில் கிழிந்த தறப்பாளின்மேல் உரப்பையையும் பழஞ்சேலையையும் சேர்த்துத் தைத்த கைகள் எத்தனை! 2009இல் வன்னியின் கடற்கரையிலே, கலியாணப் பட்டுச்சேலைகளை மண்மூட்டைகளாகத் தைத்துப் பதுங்குகுழியைச் சுற்றி அடுக்கினார்கள் எமது பெண்கள். எமது நாட்டின் பொரோ அதுதான். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் எவராவது அந்தச் சேலைத் துண்டொன்றைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டி, "என்ன வண்ணக் கலவை!" என்று வியந்தால், அந்த வியப்பை நாம் எப்படித் தாங்குவோம்?

யுத்தம் ஓய்ந்தபின் இக்கரைக்கு வந்து சேர்ந்த உதவியின் முகம் பெரும்பாலும் ஒன்றே: தையல் இயந்திரம் வழங்கும் வைபவம். மேடையில் பிரமுகர், அருகில் மாலை, கீழே வரிசையில் கணவனை இழந்த பெண்கள், நடுவே பொத்தானுக்கு எண்ணெய்கூட இடாத புத்தம் புதிய இயந்திரம், நிழற்படம். இயந்திரம் கொடுப்பது தவறென்று நாம் சொல்லவில்லை. இயந்திரத்தோடு துணி கொடுத்தார்களா? துணியோடு சந்தை கொடுத்தார்களா? சந்தையில் அவள் குரலுக்கு ஓர் இடம் கொடுத்தார்களா? ஒரு தெருவில் இருபது இயந்திரங்கள் ஓடினால் அத்தெருவில் தைக்கக் கொடுப்பவர் எத்தனை பேர்? ஈற்றில் இயந்திரம் அடைவு கடைக்குப் போகின்றது; நுண்கடன் தவணைக்காரர் வாசலுக்கு வருகிறார். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் நுண்கடனை அரசே தள்ளுபடி செய்ய நேர்ந்ததென்றால், அந்தக் கடன் எவ்வளவு ஆழமாகக் கழுத்தை இறுக்கியிருந்தது என்பதை விளக்கவும் வேண்டுமோ?

இப்பொழுது இயந்திரத்துக்குப் பதிலாக ஊசியும் நீலத் துணியும் வருகின்றன. வீட்டிலிருந்தே தைக்கலாம், பிள்ளையையும் பார்த்துக்கொள்ளலாம், வெளிநாட்டார் விரும்பி வாங்குவர் என்கிறார்கள். நல்லது. கணக்கைப் பார்ப்போம். ஆறடி நீளமும் நான்கடி அகலமும் உள்ள ஒரு போர்வை. அரை அங்குலத்துக்கு ஒரு வரியாகத் தைத்தால் 96 வரிகள். ஒவ்வொரு வரியும் 72 அங்குலம். அங்குலத்துக்கு 5 தையல் என்று கொண்டால் மொத்தம் 34,560 தையல்கள். தேர்ந்த கை நிமிடத்துக்கு 20 தையல் இடும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 1,728 நிமிடங்கள் ஆகும். நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்றால் மூன்றரை நாளுக்குமேல். துண்டுகளை வெட்டிப் பொருத்திய நேரமும், கண் எரிந்து ஊசியைக் கீழே வைத்த நேரமும் இதில் சேரவில்லை. 2025இல் திருத்தப்பட்ட இலங்கைச் சட்டம், 2026 ஜனவரி முதல் நாளொன்றுக்கு ஆகக்குறைந்த கூலி 1,200 ரூபா என்று வகுத்தது. அதன்படி அந்தப் போர்வையின் ஓட்டத் தையலுக்கு மட்டும் 4,300 ரூபாவுக்குமேல் அவள் கையில் விழவேண்டும். போர்வையின் அழகைப் பற்றி ஒரு மணி நேரம் உரையாற்றும் பெருமக்களே, இந்தத் தொகை அவளுக்குக் கிடைத்ததா என்று ஒரு நிமிடம் விசாரித்ததுண்டா?

விசாரித்தால் ஒரு மாயச்சொல் பதிலாக வரும்: "அவர் கூலிக்காரி அல்லர், சுயதொழில் செய்பவர்." இந்தச் சொல்லைப் படைத்தவர் பெரிய சாமர்த்தியசாலிதான். துணி பிறருடையது, மாதிரி பிறருடையது, விலை பிறர் விதிப்பது, முடிக்கும் நாளும் பிறர் குறிப்பது. முதுகுவலி ஒன்றே அவளுடைய சொந்த முதல்! தொழிலாளி என்று பெயர் கொடுத்தால் ஆகக்குறைந்த கூலி கொடுக்கவேண்டும், ஊழியர் சேமலாப நிதி கட்டவேண்டும், அவள் சங்கம் சேர்ந்தால் பொறுத்துக்கொள்ளவேண்டும். 'சுயதொழில்' என்று பெயர் கொடுத்தால் ஒரு கைதட்டல் போதும். வீட்டிலிருந்து வேலை செய்வோரும் தொழிலாளரே என்று சர்வதேசத் தொழில் தாபனம் 1996இல் 177ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியது. இலங்கை அதனை ஏற்று உறுதிப்படுத்தவில்லை, இந்தியாவும் இல்லை.

எமக்கு எதிராகச் சில ஆட்சேபங்கள் கூறப்படும் என்பதை அறிவோம். "கலையைப் பற்றிப் பேசும் இடத்தில் கூலிப் பேச்சு எதற்கு?" என்பார்கள். சிற்பிக்கும் ஓவியனுக்கும் விலை பேசும்போது கலையின் கற்பு கெடவில்லை. தையற்காரி விலை கேட்டால் மட்டும் கெட்டுவிடுமோ? "துணியை வீணாக்காத பண்பு உலகைக் காக்கும்" என்பார்கள். உண்மை. ஆனால் அந்தப் பண்பை ஏற்கெனவே ஏணையிலும் திரியிலும் கடைப்பிடிப்பவளுக்கா அதைப் போதிப்பது? பருவத்துக்கொரு நாகரிகம் மாற்றி, மலைமலையாக உடுப்பைக் கழித்துத் தள்ளும் பெரு வணிகருக்கல்லவா அந்தப் பாடம் தேவை! இன்னொரு சாரார், "யப்பானியக் கலை எமக்கெதற்கு? எமது மரபு போதாதா?" என்று சுதேசியம் பேசுவர். இவர்களோடும் நாம் உடன்படவில்லை. மயிலாப்பூர்க் கரையின் கோடு நாகசாகிக்குப் போய் அந்நாட்டுக் கோடாகியது. நாகசாகியின் தையல் இங்கு வந்தால் என்ன குடி முழுகிவிடும்? ஊசிக்கு நாடும் இல்லை, சாதியும் இல்லை.

உண்மையில், யப்பானிடமிருந்து கற்கவேண்டியவை பல உண்டு. குருமே என்னும் ஊரிலே 1788இல் பிறந்த இனோவே டென் என்ற பெண், தன் பன்னிரண்டாம் வயதளவில், நீலம் வெளிறி வெண்புள்ளி விழுந்த ஒரு பழந்துணியைக் கண்டாள். அதை எறிந்துவிடவில்லை, இழை இழையாகப் பிரித்து ஆராய்ந்தாள். நூலை இடையிடையே கட்டிச் சாயம் தோய்த்து நெய்தால் அந்த வெண்மையையே சித்திரமாக்கலாம் என்று கண்டாள். பலருக்குக் கற்பித்தாள். குருமேயின் 'கசுரி'த் துணி ஒரு பெருந்தொழிலாக வளர்ந்தது. அவளுடைய பெயரும் நிலைத்தது. கந்தையில் அழகைக் கண்டதோடு நின்றவள் அல்லள் அவள். கந்தையிலிருந்து ஒரு தொழிலை எழுப்பியவள். பின்னாளில், 1974இல், மரபுக் கைத்தொழில்களைப் பேணுவதற்கென்றே யப்பானிய அரசு தனிச்சட்டம் இயற்றியது. மூலப்பொருளும் பயிற்சியும் சந்தையும் கூட்டமைப்பும் சேர்ந்தால்தான் கைவினை வாழும் என்பதை அந்தச் சட்டம் ஒப்புக்கொண்டது. போர்வையின் கோலத்தை இறக்குமதி செய்யும் பெருமக்கள் இந்தப் பாடத்தையும் அதே பெட்டியில் வைத்து இறக்குமதி செய்யட்டும்!

ஆகவே எமது கோரிக்கைகள் எளியவை. வீட்டிலிருந்து தைக்கும் பெண்ணைச் சட்டம் தொழிலாளி என்று அழைக்கவேண்டும். சமவாயம் 177 ஏற்கப்படவேண்டும். நூலும் சாயமும் இடைத்தரகர் கைபடாமல் கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் கிடைக்கவேண்டும்; அச்சங்கத்தின் கணக்குப் புத்தகம் தைக்கும் பெண்களின் கையில் இருக்கவேண்டும். மருதமுனைத் தறியும் மூதூர் ஊசியும் ஒன்றோடொன்று உறவு கொள்ளட்டும். தமிழ்ப் பெண்ணும் முஸ்லிம் பெண்ணும் சிங்களப் பெண்ணும் ஒரே கூலிப் பட்டியலின்கீழ் கையொப்பமிடட்டும். விற்பனைக்கு வரும் ஒவ்வொரு போர்வையின் ஓரத்திலும் தைத்தவர் விரும்பினால் அவர் பெயரும், அவர் பெற்ற கூலியும் விலைச்சீட்டில் எழுதப்படட்டும். விலையைக் காட்ட வெட்கப்படாதவன் கூலியைக் காட்ட ஏன் வெட்கப்படவேண்டும்?

இவை நிறைவேறும் நாளில், திருகோணமலைக் கரையில் தைத்த நீலப் போர்வையை நாமும் விரித்துப் பார்த்து மகிழ்வோம். அதன் கோடுகளைப் பற்றியும் நிறத்தைப் பற்றியும் விரிவாகவே எழுதுவோம். அதுவரை, எந்தக் கண்காட்சி வாசலில் எம்மை வரவேற்றாலும் நாம் கேட்கப்போவது ஒரு கேள்விதான்: இதைத் தைத்தவளுக்கு என்ன கொடுத்தீர்கள்?